சீரோடு போன ஆறு பெட்டிகள்

சிங்கப்பூரில் வீடு மாற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்த சித்தப்பா, ஒரு டென்மார்க் குடும்பம் வேண்டாமென்று விட்டுப்போன புத்தக அலமாரியைக் கப்பலில் ஏற்றி ஆலங்குடிக்கு அனுப்பினார். எல்லாம் தங்கைக்காக. என் அத்தை அப்போது அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

வந்து இறங்கியது அலமாரி மாதிரியே இல்லை. ஆறு தேக்குப் பெட்டிகள், அவ்வளவுதான். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய சாமானாம். ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கத்திலோ எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஓரத்துத் துளைகளில் சின்ன மரமுளைகளைச் செருகினால் அசையாது. நானும் அத்தையும் வாரம் ஒரு தினுசாக மாற்றி அடுக்குவோம். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதில் கர்வம் வேறு.

அத்தைக்குக் கறம்பக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் என்ன படிப்பு என்று அந்த வீட்டில் பேச்சு வந்திருந்தது. சீருக்குக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ வாங்கியாயிற்று. புத்தக அலமாரியையும் சீரில் வைத்தால் சிரிப்பார்கள் என்றார் அப்பா. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கடியில் போயின. சீர்ப் பாத்திரங்களை வைக்கோல் போட்டுத் தேக்குப் பெட்டிகளில் கட்டினாள்.

"யார் கேட்டாலும் வெறும் பெட்டின்னு சொல்லு. பொறவு என் ரூம்ல நானே அடுக்கிக்கிறேன்" என்றாள்.

துணைக்கு நானும் போயிருந்தேன். பாத்திரங்களை எடுத்து முடித்ததும் அவள் மாமியார், "பொட்டியெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டு போங்க, தவுடு கொட்டி வைக்கலாம்" என்றார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு வாய் சும்மா இருந்தால்தானே! "இது பெட்டியில்ல, அலமாரி!" என்று கத்திக்கொண்டே நடுக்கூடத்தில் ஆறையும் அடுக்கி முளை செருகி, ஆட்டியும் காட்டினேன்.

"அடி ஆத்தி, ஒரு ஆணிகூட இல்லாம நிக்குதே! இங்கிட்டே இருக்கட்டும். சீர்ப் பாத்திரத்தை இதுல அடுக்குங்க, வர்றவுக பாக்கணும்ல" என்றார் மாமியார். என் கையில் இரண்டு லட்டு விழுந்தது.

அத்தை அறை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அலமாரி தவிட்டுக்குப் போகாமல் தப்பிய சந்தோஷம் என்றே நினைத்தேன். புத்தகங்களை இனி எங்கே வைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.