கம்பத்தில் கடல்தரை நடத்தியது

புவியியல் டீச்சர் வேலை என்பது, நாமும் பார்க்காத, பிள்ளைகளும் பார்க்கப் போகாத ஒன்றைப் பக்கத்துத் தெரு போலப் பேசுகிற வேலை. அதிலும் குடும்பம் ஓர் ஊரில், போஸ்டிங் ஓர் ஊரில் என்று கிடக்கிற ஜீவன்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கணவரும் மகளும் தூத்துக்குடியில். நான் கம்பத்தில் ஒரு வாடகை அறையில். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன்னுக்கு என்னிடம் வந்துவிடுவாள் என்ற நினைப்பில்தான் அந்த வருடம் முழுக்க ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிட்டேன்.

பரோட்டா மாவு

பிளஸ் ஒன் வகுப்புக்குப் பெருங்கடல் எப்படிப் பிறக்கிறது என்று நடத்த வேண்டும். படத்தைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். அதனால் பள்ளிக்கு எதிர்க்கடையில், எண்ணெயில் ஊறிய பரோட்டா மாவு ஓர் உருண்டை வாங்கி வந்து, இரண்டு மாணவிகளிடம் ஆளுக்கொரு முனையைக் கொடுத்தேன். "மெதுவா இழுங்க. நிலம் உடனே பிளக்காது. முதல்ல இழுபடும், மெலியும், நடுவுல பள்ளம் விழும்." மாவு சொன்னபடி கேட்டது. நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்ததும், ஒரு முனையைப் பிடித்திருந்த ஷமீமா கையை நிறுத்தினாள். அவள் கேட்டதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை: "டீச்சர், அறுந்துச்சுன்னா யாரு இழுத்து அறுந்துச்சுன்னு சொல்லுவீக?"

கிணற்றில் உப்பு

பள்ளம் என்றால் புரியட்டுமே என்று, "நம்ம ஊர் மாதிரிதான், ரெண்டு பக்கமும் மலை, நடுவுல பள்ளம். அப்படிக் கிழிஞ்ச பள்ளம் தாழ்ந்துகிட்டே போனா ஒருநாள் கடல் உள்ளே வரும்" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு மாணவனின் அப்பா, திராட்சைத் தோட்டக்காரர், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். கிணற்றை ஆழப்படுத்த ஆள் பேசியிருந்தவர், மகன் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்திவிட்டாராம். ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் சீக்கிரம் வந்துவிடுமே!

நம் பள்ளத்தாக்கு அப்படிக் கிழிகிற இடமில்லை, கிழிகிற இடத்திலும் கடல் வர லட்சக்கணக்கான வருடம் ஆகும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொன்னேன். எழுந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்: "அம்புட்டு வருசம் கழிச்சு வர்றதை இம்புட்டு வெரசா சொல்லிப்புட்டீகளே டீச்சர்."

இரண்டு சேலைகள்

ஜூனில் பள்ளி திறந்ததும் மகள் வந்தாள். ஊரையும் பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு. அறையில் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். பிளஸ் டூ வகுப்பின் கடைசி பெஞ்சில் அவளை உட்காரவைத்து, என் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் காட்டினேன்.

ஒரே மாதிரிக் கோடு போட்ட இரண்டு சேலைகளை, நெருக்கிப் போட்ட இரண்டு பெஞ்சுகளின் இடுக்கு வழியே கீழிருந்து மேலே கொடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இழுக்கச் சொன்னேன். நிலம் அறுந்த பிறகு நடப்பது இதுதான். அடியிலிருந்து பாறைக் குழம்பு எழுந்து இடுக்கை நிரப்பும், இறுகித் தரையாகும். அந்தத் தரையும் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் நகரும், இடுக்கில் மறுபடி புதுக் குழம்பு. புதியது நடுவில், பழையது கரையோரம். கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் விலகிப் போயின. சேலையை இழுத்தபடி பின்னோக்கியே நடந்த ஷமீமா கேட்டதற்கு, வந்ததிலிருந்து முதல்முறையாக என் மகள் சிரித்தாள்: "டீச்சர், வாசல் வந்துருச்சு. நிக்கவா, போகவா?"

பஸ் ஸ்டாண்ட்

மறுநாள் மாலை மகளே சொன்னாள். ஸ்கூல் நல்லாயிருக்கு, நீங்க நல்லா நடத்துறீங்க, ஆனா நான் அங்கேயே இருக்கேன்மா. அங்கே தோழிகள், டியூஷன், சாயங்காலம் பீச், ராத்திரி அப்பாவோடு சாப்பாடு என்று அவள் நாள் முழுக்க நிறைந்திருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மரியாதையாகச் சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ் ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கூட வந்திருந்த ஜமீலா டீச்சர் கம்பத்துக்காரர், வணிகவியல் நடத்துகிறவர். அடுத்த வகுப்பறை அவருடையது என்பதால் சுவர் வழியாக என் பாடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். டீ வாங்கி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கன வெறும் பள்ளமா இருந்தா பிள்ளை இங்கன வந்துருக்கும் டீச்சர். அந்தப் பிள்ளைக்கு அங்கன தரை இறுகிப்போச்சு. நீங்க டீயைக் குடிங்க."

கடல்தரைப் பாடத்தை நான் நடத்தி முழுசாகப் புரிந்துகொண்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான், அவரும் வணிகவியல்.