மாடியில் இல்லாத குழாய்

எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்கான மாடித் தளத்தை வரைந்தவன் நான். குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்திருந்ததால் நிர்வாகக் குழு அந்த வேலையை என்னிடம் கொடுத்தது.

வரையத் தொடங்கும் முன் பழைய வரைபடங்களைக் கேட்டேன். எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் செயலாளர், சுருட்டி வைத்திருந்த தாள்களை எடுத்துத் தந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில்தான் பள்ளிவாசல் தொடங்கியிருக்கிறது. முதல் தாளில் பாதி இடத்தை தொழுமுன் முகம் கை கால் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியே பிடித்திருந்தது. தொழ மிஞ்சியது நான்கு வரிசை. இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

தொடங்கியவர்கள் கடற்கரை ஊர்களிலிருந்து தனியாக வந்தவர்கள், பகலெல்லாம் மூட்டை சுமந்தவர்கள், தங்கிய இடத்தில் ஒரே குழாய்க்கு வரிசை கட்டியவர்கள் என்றார் செயலாளர். அதனால் முதலில் தொட்டி, அப்புறம்தான் கூரை.

"வரிசை ரோட்டுல கூட நிக்கலாம் தம்பி. தண்ணி ரோட்டுல கெடைக்குமா?"

அடுத்த தாளில் பக்கத்துக் கடையும் சேர்ந்திருந்தது. தொட்டி போய்க் குழாய்கள் வந்திருந்தன. அதற்கடுத்ததில் குர்ஆன் வகுப்பறை. எதிலும் பெண்களுக்கு இடமில்லை. மனைவிமார் வந்து ஈசூன், தோ பாயோ என்று அடுக்குமாடிப் பேட்டைகளில் குடியேறிய பிறகும் அவர்கள் வீட்டிலேயே தொழுதார்கள். என் உம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாப்பாவுக்காக வெளியே அஞ்சடி நடைபாதையில் காத்து நின்றிருக்கிறார். உள்ளே கால் வைத்ததில்லை. மாடி வருகிறது என்றதும் புதுத் தொழுகை உடுப்பு தைத்துக்கொண்டார்.

மாடி திறந்த முதல் வெள்ளிக்கிழமை ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் உம்மாவும் நானும் வந்தோம். தொழுகை முடிந்து படியடியில் காத்திருந்தேன். உம்மா கடைசியாக இறங்கினார். முகம் சரியில்லை. ரயிலில் தூங்கிவிட்டதால் ஒளு முறிந்திருந்தது. மாடி முழுக்கக் குழாய் தேடியிருக்கிறார். கீழே குழாயடியில் ஆண்கள் கூட்டம். மற்றவர்கள் தொழ, உம்மா பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஃபேன் இருக்கு, கார்பெட் இருக்கு, செருப்புக்குக்கூட இடம் இருக்கு. ஒரு குழாய் இல்லையேடா."

மாடி வரைபடத் தாளை விரித்துப் பார்த்தேன். இல்லைதான். என் கோடுதான் எல்லாமே. குழுவில் அத்தனை ஆண்களும் பார்த்துச் சரி என்ற தாள் அது. எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? படியடிக்கு வந்த செயலாளர் சங்கடத்தோடு சொன்னார்.

"பொம்பளைங்க வீட்டுலேயே ஒளு செஞ்சிட்டுத்தானே வருவாங்க. அப்படித்தானே நெனச்சோம்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நினைக்கிறோம் என்றே தெரியாமல்.

"உங்க கடை எதுத்தாப்புல தானே இருக்கு? நீங்க அங்கேயே செஞ்சிட்டு வரலாம்லா" என்றார் உம்மா.

செயலாளர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அடுத்த கட்ட வேலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இனி வீட்டிலேயே தொழுதுகொள்வதாகச் சொல்லிவிட்டு உம்மா ஸ்டேஷனை நோக்கி நடந்தார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மாடியில் நோன்புக் கஞ்சிப் பானைகள் வைக்க ஓர் அறை வரைந்திருந்தேன். கீழ்த்தளக் குழாய்கள் அதற்கு நேர் கீழேதான் இருந்தன. தண்ணீரை மேலே ஏற்றுவது எளிது. ஆனால் பெண்கள் ஒளு செய்யும் இடத்தில் என்னென்ன வேண்டும்? எனக்குத் தெரியாது. சமையலறையில் உம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கியபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். முக்காட்டைக் கழற்றி மாட்ட ஒரு கொக்கி. வெளியே தெரியாத கதவு. முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்து கால் கழுவ ஒரு திட்டு.

அந்தப் பானை அறையைப் பெண்கள் ஒளு செய்யும் இடமாக்கக் குழுவிடம் கேட்டேன். பானைகளை எங்கே வைப்பது என்று குழு இரண்டு கூட்டம் பேசியது. கடைசியில் செயலாளர் தன் கடைக்குப் பின்னால் இடம் கொடுத்தார்.

அறை காலியான சனிக்கிழமை உம்மாவைக் கூப்பிட்டேன். வருவாரோ மாட்டாரோ என்றிருந்தது. மேல்வீட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சுவரில் சாக்பீஸால் குழாயின் உயரத்தைக் குறித்திருந்தேன். உம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, இல்லாத குழாயைத் திருகிப் பார்த்தார்.

"எட்டல. இன்னும் ஒரு சாண் கீழ போடு."

அழித்துவிட்டுக் கீழே போட்டேன்.

"இப்ப மாமிக்கு எட்டுதான்னு பாரு" என்று எழுந்து இடம் கொடுத்தார்.