அண்ணியின் ஹெட்போனில் ஓர் இரைச்சல்

எங்கள் அண்ணிக்குக் குரல்தான் சோறு போட்டது. துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் பதில் சொல்கிற வேலை. "தண்ணி வெளியே போகலையா மேடம்? பின்னாடி இருக்கிற குழாய் மடங்கியிருக்கான்னு பாருங்க மேடம்" என்று பகல் முழுக்கத் தேனாகப் பேசுவாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தால் போதும், தேன் அங்கேயே நின்றுவிடும். "வாடி, வரும்போதே வம்போட வந்தியா?" என்பாள். நான் அவளுக்கு நாத்தனார். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாங்கள் ஒத்துப்போனதைவிட முட்டிக்கொண்டதுதான் அதிகம். ஆனாலும் சொல்கிறேன், அவள் வந்து வாய்த்தது எங்கள் அண்ணன் செய்த புண்ணியம்.

அண்ணன் டைல்ஸ் அறுக்கிறவன். வாயில் துணி கட்டு, துணி கட்டு என்று தலைபாடாக அடித்துக்கொண்டோம். கேட்டானா? "அதைக் கட்டினா மூச்சு முட்டுது" என்றான். அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் போய்ப் படிந்து, கடைசியில் கட்டிலோடு முடங்கிவிட்டான். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விளையாட்டில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணியின் சம்பளம் நின்றால் மெஷினுக்கு வாடகை கட்ட வேறு நாதியில்லை.

கம்பெனியிடம் அண்ணி ஒன்றை மறைத்திருந்தாள். வீட்டில் தனி அறை உண்டு, ஈ பறந்தால்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி என்று சொல்லித்தான் வேலையில் சேர்ந்தாள். இருந்ததோ ஒரு முன்னறை, ஒரு சமையலறை. அண்ணனின் கட்டிலும் அவள் மேசையும் ஒரே அறையில்.

கம்பெனி புது ஹெட்போன் அனுப்பிய நாளிலிருந்து தொல்லை பிடித்தது. காதில் மாட்டினால் விடாமல் ஓர் இரைச்சல். எதிர்முனைக்காரர்களுக்கும் கேட்டது. "என்னம்மா, மாவு மில்லுல உக்காந்து பேசறியா?" என்று ஒருவர் கேட்டாராம். பேசியதைப் பதிவு செய்து லேப்டாப் ஸ்பீக்கரில் போட்டால் அதிலும் அதே "ம்ம்ம்". எங்கள் தெருவில் லேப்டாப் ரிப்பேர் செய்கிறவருக்கு ஸ்க்ரூ என்று பட்டப்பெயர். எப்போதும் பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டிருப்பார். அவர் ஹெட்போனுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்தார். கடையில் சோதித்தபோது இரைச்சல் மாயமாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் மறுபடி வந்து உட்கார்ந்தது.

"உங்க வீட்டு கரண்ட்லதான் கோளாறு" என்றார் ஸ்க்ரூ.

"ஆமா, எங்க வீட்டு கரண்டுக்கு மட்டும் ஜலதோஷம்" என்றாள் அண்ணி.

கொடுங்கள் பார்ப்போம் என்று நான் வாங்கி மாட்டினேன். ம்ம்ம். கழற்றினேன். அப்போதும் ம்ம்ம்.

"அட அறிவுகெட்ட கூட்டமே, இது அண்ணனோட மெஷின்!" என்றேன்.

மூன்று பேரும் திரும்பி அதைப் பார்த்தோம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பகலாக அதோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. நானும் தினம் வந்துபோகிறவள்தானே. பழைய ஹெட்போனுக்கு எட்டாத சத்தம் இந்தப் புதுசுக்கு எட்டியிருக்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணனும் சிரித்தான், சிரித்தே இருமல் பிடித்துக்கொண்டது.

அன்றே அடுப்பைப் பின்வாசலுக்குத் தள்ளிவிட்டு, கட்டிலையும் மெஷினையும் சமையலறைக்கு மாற்றினோம். நடுக்கதவைச் சாத்தி இடுக்கில் பழைய போர்வையைத் திணித்தோம். ஸ்க்ரூவும் லேப்டாப்பில் இரைச்சலைக் குறைக்கிற செட்டிங் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். குறைந்தது, போகவில்லை. அண்ணிக்கு மேலே இருந்த டீம் லீடர் ஒருநாள் கூப்பிட்டாள். அவள் குரல் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

"இனிமே உங்க கால் ஒவ்வொண்ணையும் நான் கேப்பேன். அந்தச் சத்தம் இன்னொரு தடவை வந்தா வேற ஆளைப் போட்டுக்கறோம். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அண்ணி அன்று சாப்பிடவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாளிலிருந்து சத்தம் நின்றுவிட்டது, சுத்தமாக. டீம் லீடரே பாராட்டினாளாம். ஸ்க்ரூவுக்குத் தலைகால் புரியவில்லை, தன் செட்டிங்தான் வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அண்ணியின் முகத்தில் களை திரும்பியது. அண்ணன்தான் சோர்ந்து சோர்ந்து படுத்தான். தலைவலி என்றான், பேச்சுக் குழறியது. சமையலறைப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்தோம்.

ஒருநாள் மத்தியானம் அண்ணனுக்குத் தைத்த தலையணை உறைகளை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனேன். சமையலறை அமைதியாக இருந்தது. முன்னறையில் அண்ணி யாருக்கோ சோப்புத்தூள் அளவு சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. அண்ணன் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கை மெஷினின் சுவிட்ச் மேல் இருந்தது.

உறைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "ஐயோ, என்னடா பண்ணிட்டிருக்கே!"

அவன் உதட்டின்மேல் விரலை வைத்தான். கதவைக் காட்டினான். "கத்தாதே... லைன்ல இருக்கா" என்றான். பாதிதான் வெளியே வந்தது. அவள் குரல் கேட்கத் தொடங்கினால் மெஷினை நிறுத்துவான், பேச்சு முடிந்தால் போடுவான். அத்தனை நாளும் இதைத்தான் செய்திருக்கிறான், பாவி. அன்று பேச்சு நீண்டுபோயிருந்தது. நான் சுவிட்சைப் போடப் போனேன். கையில் பலமே இல்லாதவன், என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தான். உதறிவிட்டுப் போட்டேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. முன்னறையில் அண்ணியின் பேச்சு நின்றது. கதவு திறந்தது. ஹெட்போன் அவள் கழுத்தில் கிடந்தது, அதற்குள்ளிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் சுவிட்சைப் பார்த்தாள், அவன் உதட்டைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரிய சிலிண்டரே வைத்தார்கள். பலனில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி அதே வேலையில்தான் இருக்கிறாள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, அவன்மேல்தான். செத்தவனைத் திட்டக்கூட முடியாமல் திண்டாடுகிறேன்.

போன வாரம் அவள் சாப்பிடும் நேரத்தில் போயிருந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே பேசினாள்.

"தினமும் சாயங்காலம் கேப்பார்டி, இன்னைக்குச் சத்தம் வந்துச்சான்னு. சுத்தமா இல்லைங்கன்னு சொல்வேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாளைக்கும் இப்படியே இருக்கணும்னு வேண்டிக்கோங்கன்னு அவர்கிட்டயே சொன்னேன்டி."

கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள்.

"சரின்னு தலையாட்டினார்."