முப்பத்தொன்பது தலை

பள்ளி வேன் ஓட்டும் அந்த அம்மாவுக்குச் சுற்றுலாக் கப்பலில் கால் வைத்ததிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடமாகத் தன் கையில் ஸ்டியரிங் இல்லாமல் அவர் தூரமாக எங்கும் போனதில்லை. மகள்தான் பிடிவாதமாக டிக்கெட் போட்டாள்.

"இந்தக் கம்பெனி பேரையே நான் கேள்விப்பட்டதில்லையே."

"போனவங்க அஞ்சுக்கு நாலு மார்க் போட்டிருக்காங்கம்மா."

"மிச்சம் ஒண்ணு என்ன ஆச்சு?"

கணவர் நீச்சல் குளத்தருகே காலை நீட்டிப் படுத்துவிட்டார். இவர் மட்டும் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். அதுவும் பத்து நிமிடம்தான். எழுந்துபோய் உயிர்காப்புப் படகுகளை எண்ணிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் ஒரு சிறு தீவுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். போகும்போது நாற்பது பேர். மாலையில் எல்லோரும் திரும்பி ஏறியதும் அவர் கண் தன்னால் தலைகளை எண்ணியது. முப்பத்தொன்பது.

"ஒரு ஆள் குறையுதுங்க," என்றார், பட்டியலோடு நின்ற பணியாளரிடம்.

"எல்லாருக்கும் டிக் விழுந்திருக்கு மேடம்."

கணவர் காதருகே குனிந்தார். "உன்னையும் சேர்த்துத்தானே எண்ணின?"

அம்மா தன் நெஞ்சில் விரலை வைத்து ஒன்று என்று தொடங்கி மறுபடி எண்ணினார். அதே முப்பத்தொன்பது. படகில் முணுமுணுப்பு எழுந்தது. படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க. உட்காருங்க," என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் உட்காரவில்லை. படகைவிட்டு மரப்பாலத்தில் இறங்கி நின்றார்.

"இப்ப முப்பத்தெட்டு. கிளம்புவீங்களா?"

வேறு வழியில்லாமல் இரண்டு பேர் கரைக்கு ஓடினார்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பாறையில் கால் பிசகி விழுந்தவர், கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. தனியாகச் சுற்றுலா வந்த நர்ஸ் என்பதால் காணோம் என்று சொல்ல ஆளில்லை. அவர் பெயருக்கு எதிரே யாரோ தவறாக டிக் போட்டிருந்தார்கள்.

அறைக்கு வந்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கணவர் தண்ணீர் கொடுத்தார்.

"எப்படி அவ்வளவு உறுதியா நின்ன?"

"வேன் ஓட்ட ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம், ஒரு பிள்ளை பின்சீட்டுல தூங்கிருச்சு. பார்க்காம பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து திறந்தா, வேர்த்து நனைஞ்சு கிடக்கு. நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

"அவங்க வீட்டுல?"

"நானே போய்ச் சொன்னேன். மறுநாளும் என் வண்டியிலதான் அனுப்பினாங்க. அதைத்தான் இன்னும் தாங்க முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஓட்ட விட்டிருப்பீங்களா?"

கணவர் காலி டம்ளரை வாங்கி வைத்தார். "விட்டிருக்க மாட்டேன்," என்றார்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் நர்ஸ் அவர்கள் மேசையில்தான் சாப்பிட்டார், கட்டுப்போட்ட காலை மகளின் பக்கத்து நாற்காலியில் நீட்டிக்கொண்டு.