தெரிந்தவர் ஒருவரின் கையொப்பம்

"அசையாதீங்க சார். இன்னும் கொஞ்சம்தான்."

கத்தியின் நுனி ஆணிக்காலைச் சுற்றி வந்தது. கெட்டிப்பட்ட தோல் வெங்காயச் சருகுபோல் சுருண்டு, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது. கார்ட்மெல்லின் இடது பாதம் நோரீன் ஹெஸ்கெத்தின் மடியில் இருந்தது.

"என் பையன் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஆணி மட்டும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தவறாம வந்துடுது. யாருக்கு என்மேல பாசம்னு நீங்களே சொல்லுங்க மிசஸ் ஹெஸ்கெத்."

"ஆணிக்குத்தான் சார். அதுக்கு வேற போக்கிடம் இல்ல."

அவர் சிரித்தபோது பாதமும் ஆடியது. அவள் கத்தியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். ஃப்ளீட்வுட் ஊரில் நாற்பது தாண்டிய பாதிப் பேர் இவரிடம் அடி வாங்கியவர்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எண்பத்து நான்கு வயது.

நோரீன் இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்க் கால் பார்க்கிறாள். தபால் வழியில் படித்தாள். இரண்டு வாரம் செய்முறைப் பயிற்சி. அப்போது அது போதும். வாசலில் பாத வைத்தியர் என்று பலகை மாட்ட யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிறகு சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பழைய ஆட்கள் விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். நோயாளிகளின் குறிப்புகள், காப்பீடு, சான்றிதழ் எல்லாவற்றையும் அவள் சேர்த்துவிட்டாள். ஒரு பக்கம் மட்டும் பாக்கி. மூன்று வருடமாவது அவளைத் தெரிந்த, உறவினர் அல்லாத, ஊரில் மதிப்புள்ள ஒருவர் அவளுடைய நடத்தையைப் பற்றி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கடைசி நாள் நாளை. இன்று ஐந்தரைக்குள் விரைவுத் தபாலில் போட்டால் காலையில் லண்டன் போய்விடும்.

போகாவிட்டால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். நகம் வெட்டலாம், பட்டம் கூடாது. ஆனால் கடற்கரை முதியோர் இல்லத்தில் திங்கள் முதல் பதிவு உள்ளவர்களை மட்டும்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே முப்பத்தொரு பேர்; வெள்ளிக்கிழமைதோறும் போவாள். கணவன் போன பிறகு அவள் வாரத்தில் வாய்விட்டுப் பேசும் நாள் அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

அந்தப் பக்கம் பல மாதமாக வீட்டில் கிடந்தது. மருத்துவரிடம் கேட்டாள். நோயாளிகளைப் பற்றி நீங்கள் எழுதும் கடிதத்தில்தானே உங்களைத் தெரியும் என்றார். பாதிரியாருக்கு அவள் முகமே தெரியாது. ஊரில் இருநூறு ஜோடிக் கால்களை அவளுக்குத் தெரியும். அவளைத் தெரிந்தவர் யார் என்று யோசித்தபோது கார்ட்மெல்லைத் தவிர ஒருவரும் தோன்றவில்லை. போன முறையும் பையில் கொண்டுவந்து, எடுக்காமலே திரும்பிப் போயிருந்தாள்.

வலது காலையும் முடித்துக் களிம்பு தடவி, காலுறையை மாட்டிவிட்டாள்.

"சார், ஒரு சின்ன உதவி."

அவள் நீட்டிய பக்கத்தை அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அச்சடித்த வாக்கியம் ஒன்றைத் திருத்தினார்.

"இதை எழுதினவனுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியல. என் வகுப்புல இருந்திருந்தா அழுதிருப்பான்." பிறகு, "உங்க பேர் என்னம்மா? ஹெஸ்கெத் தெரியும். முதல் பேர்?"

"நோரீன்."

"நோரீன்." அவள் வந்துபோகும் ஒன்பது வருடத்தில் முதல் முறை சொன்னார். "வீட்டுக்காரர்?"

"தவறிட்டார் சார். ஆறு வருஷம் ஆகுது."

"அப்போ நீங்க இங்க வந்துட்டுதானே இருந்தீங்க?"

"அந்த வாரம் வியாழக்கிழமையும் வந்தேன்."

"நான் ஒண்ணுமே கேக்கலையா?"

"கேட்டீங்க சார். வெளியில குளிரான்னு கேட்டீங்க."

தாளை மடியில் வைத்துத் தடவினார்.

"நாற்பது வருஷம் சான்று எழுதியிருக்கேன். தெரியாத ஆளுக்கு ஒரு வரி எழுதினது இல்ல. உங்களுக்கு ஏனோதானோன்னு எழுதக் கூடாது. கேக்க வேண்டியதைக் கேட்டு, முதல்ல ஒரு வரைவு போட்டு, அப்புறம் நல்ல தாள்ல எழுதணும்." எழுந்து போய் அந்தப் பக்கத்தை மேசை இழுப்பறையில் வைத்தார். கடைசித் தேதி தாளின் தலைப்பில் தடித்த எழுத்தில் இருந்தது. உள்ளே வைக்கும்வரை அவருடைய கட்டைவிரல் அதன் மேல் இருந்தது. "அடுத்த தடவை நீங்க வரும்போது தயாரா இருக்கும். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

மணி நாலு பத்து. தபால் நிலையம் தெருக்கோடியில்.

"இல்ல சார். ஒரு அவசரமும் இல்ல."

இந்த ஊரில் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். அவள் செய்தித்தாளை மடித்தாள். கத்தியைப் பெட்டியில் வைத்தாள். கதவருகே நின்று, "சார்" என்றாள்.

அவர் அதற்குள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்திருந்தார். பல மாதமாக அவர் முகத்தில் இல்லாத ஒரு சுறுசுறுப்பு.

"என்னம்மா?"

"இடது கால்ல இன்னிக்குத் தண்ணி படாம பாத்துக்கோங்க."

காரைத் தபால் நிலையத்துக்கு எதிரில் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்கு ஓர் ஆள் வந்து கதவைப் பூட்டினான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு இல்லத்துக்குப் போனாள். பதினொரு பேருக்கு நகம் வெட்டினாள். சர்க்கரை நோய் உள்ள இருவரின் பாதங்களை ஊசி முனையால் தொட்டு உணர்ச்சி சோதித்தாள். ஒருவருக்குக் குதிகாலில் வெடிப்பு. திங்கள் முதல் பக்கத்து ஊர் பிளாக்பூலிலிருந்து பதிவு உள்ள ஓர் ஆள் வருவதாக மேலாளர் சொல்லி, தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தந்தார். அங்கிருந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டின் சூப்பைச் சுட வைத்துக் குடித்தாள். மூன்று மணிக்கு வாசல் பலகையைக் கழற்றினாள். ஒரு திருகாணி துருப்பிடித்து வரவில்லை; பலகையை வளைத்து எடுத்தாள். நான்கு மணிக்குக் கார்ட்மெல் தொலைபேசியில் அழைத்து, அவள் கணவனின் பெயரையும் வேலையையும் கேட்டார். ஆல்பர்ட், டிராம் ஓட்டினார் என்று சொன்னாள். வரைவு இரண்டு பக்கம் வந்துவிட்டது என்றார் அவர். நன்றி சொல்லி வைத்துவிட்டு, கருவிகளைக் கொதிநீரில் போட்டாள்.