மேசையில் இலை இருக்கக்கூடாது

என் மனைவியின் தங்கை கஞ்சா விற்கப் போகிறாள் என்ற செய்தி எங்கள் சனத்துக்குள் பரவிய வேகத்தில் மெல்பேர்ன் ரயில்கள் ஒருநாளும் ஓடியதில்லை. நகரின் மறுகோடியில், வெரிபீயில் இருப்பவர்கள்கூட மத்தியானத்துக்குள் அறிந்துவிட்டார்கள்.

உண்மையில் மச்சாள் விற்கப் போனது ஹெம்ப் விதையில் பிடித்த உருண்டை. ஹெம்ப் அந்தச் செடியின் இனம்தான், ஆனால் போதை தராத வகை. அதன் விதையை உணவாக விற்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. மச்சாள் அதை வறுத்து, பனங்கட்டிப் பாகு காய்ச்சி, எள்ளுருண்டை பிடிப்பதுபோலப் பிடித்தாள். ருசி நன்றாகவே இருந்தது.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. வயோதிபர் இல்லம் ஒன்றில் ஆட்களைத் தூக்கி, திருப்பி, கிடத்தி அவளுடைய முதுகு போய்விட்டது. அந்த வேலையை விடு என்று டொக்டர் சொல்லிவிட்டார். விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? உருண்டை ஓடினால் விடலாம் என்று இருந்தாள்.

ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில் ஹெம்ப் பொருட்களுக்கு மட்டும் ஒரு நாள் சந்தை போட்டார்கள். துணி, சவர்க்காரம், எண்ணெய், தின்பண்டம். அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் அனுமதி. குறை ஒன்றும் வராமல் முடித்தால், மாதாமாதம் நடக்கப்போகும் சந்தையில் மச்சாளுக்கு ஓர் இடம் உண்டு. குறை வந்தால் அன்றோடு சரி.

சந்தைக்கு முதல் நாள் எங்கள் குசினியில் வைத்து எனக்கு வகுப்பு நடந்தது.

“அத்தான், இலையின்ர படம் ஒரு இடத்திலயும் இருக்கக்கூடாது. விதையின்ர படம் போடலாம், இலை கூடாது. அந்தச் சொல்லையும் வாயில எடுக்காதேங்கோ. ஆராவது இது வருத்தத்துக்கு நல்லதோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அதுவும் சட்டத்துக்குப் பிழை.”

“அவர் எதைக் கேட்டாலும் ஒண்டும் சொல்ல மாட்டார்தானே,” என்றாள் என் மனைவி.

“அதுக்காகத்தானே அவரைக் கூப்பிடுறன், அக்கா.”

அது நியாயம்தான். நான் வேலை செய்யும் பண்டகசாலையில் என்னோடு கதைப்பது ஃபோர்க்லிஃப்ட் மட்டும்தான். அதுவும் பின்னுக்குப் போகும்போது, பீப் பீப் என்று.

சந்தை நாளன்று எங்கள் ஆட்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றால், மண்டபத்துக்குள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வந்தார்கள். மீன் வாங்க வந்த இடத்தில் சும்மா எட்டிப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் கையில் மீன் இல்லை. ஓர் அங்கிள் ஓர் உருண்டை வாங்கி வாயில் போட்டுவிட்டு, எங்களுடைய ஒரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“தண்ணி வேணுமோ அங்கிள்?” என்று மச்சாள் கேட்டாள்.

“வேண்டாம் பிள்ளை, நீர் உம்முடைய வேலையைப் பாரும். நான் வருதோ எண்டு பாக்கிறன்.”

“என்ன வருதோ எண்டு?”

 அங்கிள் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, “ஒண்டையும் காணேல்லை. எள்ளுருண்டை மாதிரித்தான் கிடக்கு,” என்றார். ஆனால் கதிரையை விடவில்லை.

வியாபாரம் நல்லபடி போனது. மச்சாள் காரில் இருந்த மற்றப் பெட்டியை எடுத்துவரப் போனாள். அந்த நேரம் பார்த்துத்தான் கிரான்பர்னில் இருக்கும் அன்ரி வந்தார். மதுரைக்காரர். மச்சாளோடு ஒரே இல்லத்தில் வேலை செய்தவர். நம் ஆட்கள் யாரையும் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் என்ன காய்த்துக் குலுங்குகிறதோ அது பையில் ஏறிவிடும். அன்ரி வீட்டில் அந்தக் கோடையில் குலுங்கியது புளிச்சகீரை.

“முதல் கடை போடுறா, வெறுங்கையோட எப்படிங்க தம்பி வர்றது?” என்று சொல்லி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்த கீரைக்கட்டை, உருண்டைப் பெட்டிகளின் நடுவில் வைத்தார்.

நான் அந்தக் கீரையை அதற்கு முன் பார்த்ததில்லை. நீளத் தண்டு. விரல் விரித்தாற்போல இலை. ஓரமெல்லாம் அரத்தின் பல். எந்தப் படத்தைப் போடக்கூடாது என்று மச்சாள் படித்துப் படித்துச் சொன்னாளோ, அது படமாக இல்லாமல் உயிரோடு மேசையில் கிடந்தது. எடுங்கோ அன்ரி என்று சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிப்பதற்குள், அனுமதி கொடுத்த கவுன்சிலின் அதிகாரி வந்துவிட்டார். மஞ்சள் மேற்சட்டை போட்ட இளம் பெண்.

அவர் கீரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அந்தக் கணத்தில் எங்கோ போய்விட்டது. சாப்பிடுகிற சாமான்தான் என்று காட்டுவதற்காக ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். பச்சைப் புளிச்சகீரையின் புளிப்பு என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தலை ஒரு பக்கம் இழுத்தது.

தயவுசெய்து அதைச் சாப்பிட வேண்டாம் என்று அதிகாரி ஓர் அடி பின்வாங்கினார்.

அன்ரிக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் ஆகாது மேடம், இரத்தத்துக்கு மிகவும் நல்லது, இரும்புச் சத்து என்று நல்ல ஆங்கிலத்தில் உறுதி கொடுத்தார். சொல்லவே கூடாத அந்த ஒன்றும் சொல்லியாகிவிட்டது. கதிரையிலிருந்த அங்கிளோ எழுந்தே நின்றுவிட்டார்.

“பாத்தியளோ! நல்ல சாமானை உள்ளுக்குள்ள வச்சுக்கொண்டு எனக்கு உருண்டையைத் தந்திருக்கினம்!”

பெட்டியோடு வந்த மச்சாள் மேசையைக் கண்டதும் அப்படியே நின்றாள். பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். அந்த முதுகோடு அவள் பாரம் தூக்கக்கூடாது. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கீரை, தோட்டம், வெறுங்கை, எல்லாம். அன்ரி கட்டுக்குள் தேடிப் பூவோடு ஒரு தண்டை உருவிக் காட்டினார். செம்பருத்திபோல விரிந்த வெளிர் மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு.

அதிகாரி பூவைப் பார்த்துத் தலையாட்டினார். நம்புகிறேன் என்றார். ஆனால் அது கொத்தமல்லியாக இருந்தாலும் அனுமதியில் இல்லாத பொருள் மேசையில் இருக்கக்கூடாது, சந்தை மூடுவதற்குள் திரும்பி வருவேன், மேசையில் வேறு ஏதாவது கண்டால் மாதச் சந்தையை மறந்துவிடுங்கள் என்றார். அதுவரை மேசைக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டார்.

மச்சாள் என்னைக் காட்டினாள். வேறு யாரும் இல்லை. அங்கிளைக் காட்ட முடியாதல்லவா?

கீரைக் கட்டு காருக்குப் போனது. நான் மேசைக்கு முன்னால் காவல் நின்றேன். செய்தி இதற்குள் பரவி, பாவம் அந்தப் பிள்ளை என்று இன்னும் சனம் வரத் தொடங்கியது. ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. அவர்களில் முதலாவதாக வந்த வேறோர் அன்ரி பை நிறையத் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, மேசையில் வைக்கக் குனிந்தார்.

“அன்ரி,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மேசையில வைக்கேலாது.”

“ஏன், என்ர தேசிக்காய்க்கு என்ன குறை?”

“குறை இல்லை. சட்டம்.”

“அப்ப நீர் பிடியும்,” என்று பையை என் கையில் கொழுவிவிட்டு உருண்டை வாங்கிக்கொண்டு போனார்.

அதுவே வழியாகிவிட்டது. அடுத்தவர் கறிவேப்பிலையை என் கக்கத்தில் செருகினார். பச்சை மிளகாய் சட்டைப் பைக்குள் போனது. யாரோ ஒரு சுரைக்காயைப் பிறந்த குழந்தையைத் தருவதுபோலத் தந்தார், நானும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி திரும்பி வந்தார். மேசையின் நீளத்துக்கு நடந்து, பெட்டிகளைப் பார்த்து, லேபல்களைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஆற அமரப் பார்த்தார். வாயோரம் லேசாக அசைந்தது. மேசை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் கருவியில் ஏதோ அழுத்தினார்.

“அசையாதேங்கோ அத்தான்,” என்று மச்சாள் உதடு பிரியாமல் சொன்னாள். “அவ வாசல் தாண்டட்டும்.”

நான் அசையவில்லை. சுரைக்காயும் அசையவில்லை. மஞ்சள் சட்டை வாசலைத் தாண்டியதும் மச்சாள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்துவிட என்னிடம் கை இல்லை.

மாதச் சந்தையில் இடம் கிடைத்தது. அடுத்த கிழமையே அவள் இல்லத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்து, எங்கள் வீட்டு சோபாவில் பகல் முழுக்க நித்திரை கொண்டாள்.