ரோஜாப் பாத்தியில் ஒரு காவல் தெய்வம்

காப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் பூசினாற்போல நோய் விழுந்து, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு மட்டும் பதவி உயர்வு வந்தது. ஹந்தானை மலையில் செத்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளை. துரை ஊருக்குப் போய்விட்டார், தோட்டத்தை வாங்க ஆளில்லை, பங்களா சும்மா கிடந்தால் பாழாகிவிடும், அதனால் நீயே அதில் குடியிரு என்று கண்டியிலிருந்த ஏஜண்டு சொன்னார். கூரைக்கு ஒரு முட்டு தேவைப்பட்டது, நான் அகப்பட்டேன் என்பதுதான் அதன் பொருள். ஆனால் வத்தேகமவில் நாங்கள் இருந்த லயத்தில், அந்தக் கூலியாட்களின் வரிசைவீட்டில், நான் அப்படிச் சொல்லவில்லை. "தொர பங்களாவ நமக்குக் குடுத்திருக்காங்க" என்று காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னேன். சரியாகக் காதில் விழாதவர்கள் போலத் தெரிந்தவர்களுக்கு இரண்டாம் தடவையும் சொன்னேன்.

என் மனைவிதான் முகம் கொடுக்கவில்லை.

"லயத்துல ஒரு குரல் குடுத்தா ஓடியாற சனம் இருக்கு. அந்த மலையில யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நான் நாள் முழுக்கக் காப்பி ஸ்டோரில் இருப்பேன். கண்டிக்குக் கணக்குக் காட்டப் போனால், வரும் வழியில் தவறணைச் சாராயக் கடையில் நாலு பேரிடம் பங்களாவைப் பற்றிப் பேசிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவேன். அதுவரை அவள் தனியாக இருக்க வேண்டும். காவலுக்குச் சாமிகூட இல்லாத வீடு. லயத்தில் என்றால் அரசமரத்தடியில் முனியாண்டி இருந்தார். கடைசியில் அவள் தீர்ப்பைச் சொன்னாள்: "வந்து பாக்குறேன். மனசுக்கு ஒப்பலைன்னா எங்கண்ணன் வண்டிய வரச்சொல்லி ஏறிருவேன். அப்புறம் நீங்களும் பங்களாவும் குடும்பம் நடத்துங்க."

அவள் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டால், நான் இரண்டு தடவை சொன்ன அத்தனை வாய்களும் என்ன பேசும் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் இல்லாமல் யார் சோறு போடுவார்கள் என்று அதற்குப் பிறகுதான் எண்ணினேன். அந்த வரிசையை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வண்டியில் முதலில் ஏறியது அம்மிக்கல். அவளுடைய அம்மா சீராகக் கொடுத்தது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழி நெடுக அவளுடைய அண்ணன் தலையில் வைத்துச் சுமந்து வந்தது. திரும்பின பக்கமெல்லாம் பாறையாகக் கிடக்கிற மலைக்கு, கடல் தாண்டிக் கல் சுமந்து வந்த குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். என் பக்கத்துச் சொத்து, அப்பாவின் கறுப்புக் கம்பளி. அதைப் போர்த்திக்கொண்டுதான் அவர் முதல் தடவை காப்பி பறிக்க வந்தார். மழையில் நனைந்தால் ஓர் ஆட்டுமந்தையே வீட்டுக்குள் நுழைந்த வாடை வரும். துரை விட்டுப்போன சாய்வுக் கதிரையின் பிரம்பு கிழிந்திருந்தது. அதன்மேல் கம்பளியை விரித்து நான் உட்கார்ந்தேன். அப்பா கைகட்டி நின்று பேசிய துரைமாரின் கதிரை. அப்பாவுக்கும் சேர்த்து நன்றாகச் சாய்ந்தேன். அதற்குள் கதிரையின் பின்கால் முறிந்து நான் மல்லாந்துவிட்டதால், அந்தப் பெருமை நீடிக்கவில்லை.

பங்களாவுக்கு என்று ஒரு குணம் இருந்தது. துரையைத் தவிர யார் நடந்தாலும் பலகைத் தரை முனகியது. சமையற்கட்டு வீட்டுக்கு வெளியே, முற்றத்தைத் தாண்டி. நடு ஹாலில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு கணப்பு அடுப்பு. "இவ்வளவு பெரிய அடுப்ப நடுவீட்டுல வச்சிக்கிட்டு எதுக்கு மழையில அங்க ஓடணும்?" என்று என் மனைவி அதிலேயே பால் காய்ச்சினாள். புகைபோக்கிக்குள் எந்தக் காலத்துப் பறவையோ கூடு கட்டி வைத்திருந்தது. புகை முழுக்க ஹாலுக்குள் திரும்பியதில், பால் பொங்கியதா இல்லையா என்பது இருவருக்கும் தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்தபோது பானை காலியாக இருந்தது, அதனால் பொங்கியது என்று நான் அடித்துச் சொன்னேன். துரை குளித்த தகரத் தொட்டியில் அவள் நெல்லைக் கொட்டி வைத்தாள். அதன்மேல் கோழி அடைகாத்தது.

எல்லாம் இருந்தும் அவள் அம்மிக்கு இடம் பார்க்கவில்லை. வண்டியில் கட்டி வந்த துணிமூட்டையும் பிரிக்கப்படவில்லை. நான் கண்டும் காணாததுபோல இருந்தேன்.

அப்போதுதான் கத்தரி நடுவதற்காக ரோஜாப் பாத்தியைக் கிளறப் போனவள், கொய்யா மரத்தடியில் ஒரு கல்லைக் கண்டாள். செங்குத்தாக நட்ட கல். பாசி படிந்து, மேலே வளைவாகச் செதுக்கிய கல். பங்களாத் தோட்டத்துக்குள் லயத்து ஆட்கள் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற சட்டம் துரை போகும்வரை இருந்ததால், அங்கே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பரத்தைப் பூ சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாத்தீங்களா, காவல் தெய்வம். மரத்தடியில ஒத்தக் கல்லு. எழுத்துகூட வெட்டியிருக்கு, மந்திரமாத்தான் இருக்கணும்."

நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன். மஞ்சளுக்கு அடியில் ஒரு நாயின் பெயரும், அது துரையின் விசுவாசமுள்ள நண்பன் என்ற செய்தியும் தெளிவாகத் தெரிந்தன.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் காணாத தெம்பு இருந்தது. "பழைய எழுத்து. பிடிபடல" என்றேன்.

அன்று மாலை அம்மி பின்வாசலில் இறங்கியது. எனக்கு இரட்டை மகிழ்ச்சி. காவல் தெய்வம் என்றால் கோழியும் சாராயமும் படைக்க வேண்டும், படைத்ததைக் குடும்பத் தலைவன்தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் அவசரப்படுகிறவள் அல்ல. சாமி எந்த வகை என்று முதலில் அறிய வேண்டும் என்று ஒரு வாழையிலையில் கருவாடும் இன்னொன்றில் சர்க்கரைப் பொங்கலும் வைத்தாள். காலையில் பொங்கலை அணிலோ காகமோ சுத்தமாகத் துடைத்திருந்தது. கருவாடு வைத்தபடியே கிடந்தது. கண்டி வட்டாரத்திலேயே கருவாட்டை வேண்டாமென்ற ஒரே நாய் அதுதான்.

"சைவச் சாமி" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இனி இந்த வீட்டுக்குள்ள கவுச்சி ஆகாது. சாராய வாடையும் ஆகாது."

பிறகு நான் பட்டது தனிக் கதை. உயிரோடு இருந்த காலத்தில் எலும்பைத் தவிர வேறெதையும் மதித்திருக்காத ஒரு பிராணிக்காக, நான் கீரையும் பருப்பும் தின்று இளைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்து அதன் முன்னால் விழுந்து கும்பிட்டேன். கீழே தோட்டத்து லயத்தில் மிஞ்சியிருந்த பெண்கள் வேறு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று திருநீறு கேட்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னால் கருவாடு கிடைக்கும், மனைவி போய்விடுவாள். சொல்லாவிட்டால் மனைவி இருப்பாள், கீரையும் இருக்கும். ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்தபடி இதை யோசித்தேன். ஒவ்வொரு வேளையும் கீரையே வென்றது.

ஒரு நாள் காலையில் புடவை மூட்டையோடு, எல்லோரும் நானா என்று அழைக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் மலையேறி வந்தார். துரை இருந்த காலத்திலிருந்தே பங்களாவுக்குத் துணி கொண்டுவந்தவர். விறாந்தையில் மூட்டையை இறக்கினவர், கொய்யா மரத்தடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இதாரு மஞ்சள் பூசின?"

"நாந்தான் நானா. எங்க காவல் தெய்வம்."

நான் அவருக்குப் பின்னாலிருந்து அவர் கண்ணில் படட்டும் என்று கையை ஆட்டினேன். முதுகுக்குப் பின்னால் ஆட்டினால் யாருக்குத் தெரியும்.

"இது தொரட நாய அடக்கின எடமல்லவா தங்கச்சி" என்றார் அவர். "என்ட மூட்டய எத்தின தரம் கிழிச்சிரிக்கும். ஒருக்கா என்ட சாரத்தயும். அது மவுத்தான அண்டைக்கு நான் இங்கதான் நின்ட. தொர மழையில நனஞ்சிக்கிட்டு அழுதாரு. நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்ட. அல்லா மன்னிக்கோணும்."

அவள் மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். ஒரு சீட்டித் துணி எடுத்தாள், நிதானமாகப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். அவர் போகும்வரை என் பக்கம் திரும்பவில்லை. பிறகு கல்லருகே போய் நின்றாள். நானும் போனேன்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமுல்ல?"

"பாசி மூடியிருந்துச்சு."

"பாசிய நாந்தான தேச்சிக் கழுவுனேன்."

இதற்குமேல் பொய் சொல்ல எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு போதவில்லை. "நீ போயிருவன்னு பயந்தேன்" என்றேன். வாழ்க்கையில் நான் அவளிடம் தயாரிக்காமல் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

அவள் செம்பரத்தையை எடுத்துவிட்டு, மஞ்சளைக் கழுவாமல் அப்படியே விட்டாள். "பாவம், அழுதிருக்காரு மனுசன்" என்றாள். என்னைப் பற்றிச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். துரையைத்தான் சொன்னாள்.

"அப்ப கவுச்சி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆக்குறேன்."

"சாராயம்?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இத்தன நாளா இந்தக் கல்லு காவலுக்கு இருக்குன்னு தைரியமா இருந்தேன். இப்ப அதும் இல்லேன்னு ஆச்சு. அப்ப காவல் யாரு?"

சுற்றிலும் பார்த்தேன். கோழி ஒன்று நின்றது.

"விளக்கு வைக்க முன்ன வீட்டுல இருக்கணும்" என்றாள். "தவறணப் பக்கம் காலு திரும்பக் கூடாது. அந்த முக்குல திரும்புறப்பவே கனச்சிக்கிட்டு வாங்க. வாறது ஆளா பன்றியான்னு எனக்குத் தெரிய வேணாமா? ஒரு நாள் தவறினாலும் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிருவேன்."

அப்படித்தான் அந்தப் பங்களாவின் காவல் வேலை என் தலையில் விழுந்தது. அன்று இரவு கருவாட்டுக் குழம்பு. முந்தைய பதவிக்காரருக்கு அதில் பங்கு வைக்கவில்லை. மறுநாள் கண்டியில் கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். பங்களாவில் அவசர வேலை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வெயில் தாழுமுன்பே மூச்சுவாங்க மலையேறினேன். இலை உதிர்ந்து குச்சியாக நின்ற காப்பிச் செடிகளுக்கிடையே பாதை திரும்பும் இடத்தில் நின்று கனைத்தேன். வீட்டிலிருந்து சத்தமில்லை. கனைப்பை மலைக்காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கும் என்று, இன்னும் கொஞ்சம் உரக்க, ஏறக்குறைய குரைக்கிற மாதிரியே கனைத்தேன்.

"ஒரு தரம் போதும், கேட்டிருச்சு" என்றாள் சமையற்கட்டிலிருந்து. "உள்ள வாங்க, சோறு ஆறுது."